கேன்வாஸ் பிரிண்ட் விற்கப் போறீங்களா? முதல்ல ஒரு ரிஜிஸ்டர் வாங்குங்க

சைடு இன்கம் பற்றி நம்ம சேனலில் எப்போது பேசினாலும் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடுகிறது. "சார், ஐடி-ல வேலை பார்க்கிறேன். வீக்எண்ட்ல போட்டோ எடுப்பேன். அறுபத்து மூவர், கபாலி கோயில் தெப்பம், பெசன்ட் நகர் பீச்ல விடியற்காலை, எல்லாம் நல்லா வந்திருக்கு. கேன்வாஸ்ல பிரிண்ட் போட்டு வித்தா வருமானம் வருமா?" இதற்கு வீடியோவில் இரண்டு நிமிஷத்தில் பதில் சொன்னால் பாதிதான் சொன்னதாக ஆகும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேன்வாஸ் விற்றுக் காசு பார்ப்பது சம்பளக்காரர்களுக்குச் சரிவராது. ஆனால் போட்டோ பிரிண்ட் விற்றுக் காசு பார்க்கலாம். இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். ஒன்றில்லை. முதலாவதில் நீங்கள் விற்பது சுவரில் மாட்டும் ஒரு பொருள். இரண்டாவதில் விற்பது ஒரு வாக்குறுதி: "இந்தப் படத்தை இத்தனை பிரதிக்கு மேல் போட மாட்டேன்." அந்த வாக்குறுதிக்குத்தான் காசு. அதைக் காப்பாற்ற உங்களிடம் ஒரு கணக்குப் புத்தகம் இல்லையென்றால், சோபா கடையில் தொங்கும் அப்ஸ்ட்ராக்ட் பூ படத்தோடுதான் நீங்கள் விலையில் மோத வேண்டும். அந்தச் சண்டையில் ஜெயிக்க முடியாது.

ஏன் முடியாது? ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். தொகைகள் புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை; உங்கள் லேப் சொல்லும் ரேட்டை நீங்களே போட்டுப் பாருங்கள். 16க்கு 24 இன்ச் பிரிண்ட் 2,400 ரூபாய். மவுண்ட், ஃப்ரேம் 2,600. பேக்கிங், டெலிவரி 600. மொத்தம் 5,600. நீங்கள் 7,500 ரூபாய்க்கு விற்கிறீர்கள். "1,900 லாபம், பரவாயில்லையே!" என்று தோன்றும்.

இப்போது ஒரு கஃபேயோ கேலரியோ உங்கள் படத்தை மாட்ட ஒப்புக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கமிஷன் 40 சதவீதம். கேலரி உலகத்தில் இது அதிகமில்லை, பாதிக்குப் பாதி கேட்பவர்களும் உண்டு. 7,500-இல் 3,000 அவர்களுக்குப் போனால் உங்கள் கைக்கு வருவது 4,500. செலவு 5,600. ஒரு படம் விற்றால் 1,100 ரூபாய் நஷ்டம். நிறைய விற்றால் நிறைய நஷ்டம். டெஸ்ட் பிரிண்ட் போட்ட செலவு, வழியில் உடைந்த கண்ணாடி, கேமரா தேய்மானம், உங்கள் ஞாயிற்றுக்கிழமை எதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை.

பழைய 1,900 அப்படியே கையில் நிற்க வேண்டுமானால் விலை 12,500 ஆக இருக்க வேண்டும். "அப்போ கேலரியில 12,500, நேர்ல கேட்டா 7,500" என்று சிலர் சமாளிப்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கேலரியில் வாங்கினவருக்கு அடுத்த வாரம் இன்ஸ்டாகிராமில் உங்கள் நேரடி விலை தெரிந்துவிடும். அதோடு அந்தக் கேலரியும் போச்சு, அந்த வாடிக்கையாளரும் போச்சு. எங்கே விற்றாலும் ஒரே விலை.

சரி, 12,500 ரூபாயை ஒருவர் ஏன் கொடுக்க வேண்டும்? அதே அளவு கேன்வாஸ் ஆன்லைனில் அதைவிட எவ்வளவோ குறைவாகக் கிடைக்கும்போது?

ரவி வர்மாவுக்கே கட்டுப்படி ஆகலை

"விலையைக் குறைச்சு, நிறைய பிரிண்ட் போட்டு, வால்யூம்ல லாபம் பார்க்கலாமே?" இந்த யோசனை ஏற்கெனவே ஒருவருக்கு வந்தது. அவர் பெயர் ராஜா ரவி வர்மா. 1894-இல் மும்பையில் ஜெர்மன் இயந்திரங்களை வைத்து அச்சகம் தொடங்கினார். அவருடைய லட்சுமியும் சரஸ்வதியும் மலிவு விலைப் பிரிண்டாகி இந்தியா முழுக்கப் போய்ச் சேர்ந்தன. மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் பழைய வீடுகளின் பூஜை அறையில், தேக்கு ஃப்ரேமில், ஓரம் பழுத்துப் போன அந்தப் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நாட்டிலேயே பிரபலமான ஓவியர், எல்லா வீட்டிலும் தேவைப்படும் சாமி படம், சொந்த மெஷின். இதைவிட என்ன வேண்டும்? இருந்தும் அச்சகம் கடனில் சிக்கியது. இடையில் பிளேக் நோய் வேறு வந்து, மும்பையிலிருந்து மலவ்லிக்கு இடம் மாற வேண்டியதாயிற்று. தொடங்கிய பத்தாண்டுக்குள் அங்கே வேலை பார்த்த ஜெர்மன் தொழில்நுட்பக்காரர் ஃப்ரிட்ஸ் ஷ்லைஷருக்கு அதை விற்றுவிட்டார்.

வால்யூம் என்பது அச்சுத் தொழில். அதில் லாபம் மெஷின் வைத்திருப்பவருக்கு, பேப்பரை மொத்தமாக வாங்குபவருக்கு. உங்களுக்கு மெஷினும் கிடையாது, குடோனும் கிடையாது. அடையாறில் ஒரு டூ பிஎச்கே வாடகை வீடும், திங்கட்கிழமை காலை ஸ்டாண்டப் மீட்டிங்கும்தான் இருக்கிறது.

ஆக, உங்களால் விற்க முடிந்தது குறைவான எண்ணிக்கை மட்டும்தான். அதற்குத்தான் லிமிடெட் எடிஷன் என்று பெயர். படத்தின் கீழே பென்சிலில் "3/15" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது. பார்க்க ஸ்டைலாக இருக்கும். ஆனால் கணக்குப் பார்க்கிறவன் கண்ணுக்கு அது புரோநோட்டு. "பதினாறாவது பிரதி இருக்காது" என்று நீங்கள் எழுதிக் கொடுக்கும் கடன் பத்திரம். தேதி முடியாத பத்திரம்.

எடிஷன் என்றால் என்ன என்று வரிச் சட்டமே சொல்லும் இடம் ஒன்று இருக்கிறது. ஐரோப்பிய யூனியனின் வாட் சட்டத்தில், ஒரு போட்டோ கலைப்படைப்பாகக் கருதப்பட வேண்டுமானால் அதைக் கலைஞரே எடுத்திருக்க வேண்டும், அவரே அல்லது அவர் மேற்பார்வையில் பிரிண்ட் ஆகியிருக்க வேண்டும், கையெழுத்தும் எண்ணும் இருக்க வேண்டும், மொத்தம் 30 பிரதிக்கு மேல் கூடாது. அந்த 30-இல் எல்லா சைஸும் எல்லா மவுண்ட்டும் அடக்கம். கடைசி வரியைத் திரும்பப் படியுங்கள். 12க்கு 18-இல் 30, 16க்கு 24-இல் 30, கேன்வாஸில் 30 என்று தனித்தனியாக எண்ண முடியாது. வரி ஆபீசர்கள் எழுதிய வாக்கியம் என்பதால் ஓட்டை இல்லாமல் இருக்கிறது. நம் நாட்டில் இப்படி ஒரு வரையறை இல்லை. ஆனால் நீங்கள் உங்களுக்கே இதை விதியாக வைத்துக்கொள்வதை யாரும் தடுக்கவில்லை.

தெளிவாக எழுதாமல் விட்டால் என்ன ஆகும்? அமெரிக்க போட்டோகிராஃபர் வில்லியம் எகிள்ஸ்டன் தன் பழைய படங்கள் சிலவற்றை 2012 மார்ச்சில் பெரிய சைஸில், டிஜிட்டல் பிக்மென்ட் பிரிண்டாகப் புதிதாகப் போட்டார். நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அவை கிட்டத்தட்ட 59 லட்சம் டாலருக்குப் போயின. அதே படங்களின் பழைய லிமிடெட் எடிஷனைக் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்த ஒரு சேகரிப்பாளர் கோர்ட்டுக்குப் போனார். 2013-இல் வழக்கு தள்ளுபடி ஆனது; பழைய முறையில் போட்டது ஒரு எடிஷன், புது முறையில் வேறு சைஸில் போட்டது வேறு எடிஷன் என்ற வாதம் நின்றது. சட்டப்படி எகிள்ஸ்டன் ஜெயித்தார். அவர் எகிள்ஸ்டன், அதனால் தாங்கினார். உங்களிடம் படம் வாங்கப்போகும் பத்துப் பதினைந்து பேர் யார்? உங்கள் டீம் லீட், அவருடைய மச்சான், அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப். அங்கே "டெக்னிக்கலா இது வேற எடிஷன்" என்று சொல்லிப் பாருங்கள்.

நியாயமாக ஒரு எதிர் உதாரணமும் சொல்ல வேண்டும். ஆன்சல் ஆடம்ஸின் 'மூன்ரைஸ்' படம் எடிஷனே இல்லை. தன் வாழ்நாளில் ஆயிரத்துக்கு மேல் பிரதிகள் அவரே போட்டார். 2006-இல் அதில் ஒன்று ஏலத்தில் 6 லட்சம் டாலரைத் தாண்டியது. ஆனால் அவர் ஒவ்வொரு பிரதியையும் டார்க்ரூமில் நின்று கையால் போட்டவர். நீங்கள் பட்டனை அழுத்தினால் ஆயிரமும் ஒரே மாதிரி வரும். அதனால்தான் டிஜிட்டலில் எண்ணிக்கைக்கு இவ்வளவு முக்கியத்துவம்.

ரிஜிஸ்டரில் என்ன எழுதுவது

எக்செல் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் தைத்த நோட்டுப் புத்தகம் ஒன்றும் இருக்கட்டும். நடுவில் பக்கம் கிழித்தால் தெரிய வேண்டும். படத்தின் பெயர், எடுத்த தேதி, இடம், எடிஷன் மொத்தம் எத்தனை (எல்லா சைஸும் சேர்த்து), உங்களுக்கென்று தனியாக வைத்துக்கொள்ளும் ஆர்ட்டிஸ்ட் புரூஃப் எத்தனை, பேப்பரின் பெயரும் ஜிஎஸ்எம்மும், இங்க் வகை, எந்த லேப், பிரிண்ட் ஆன தேதி, யாருக்கு, எவ்வளவுக்கு, பில் நம்பர். பிரிண்ட் பாழாகி மாற்றிக் கொடுத்தால் பழையதைத் திரும்ப வாங்கிக் கிழித்துப் போட்டு அதையும் எழுதுங்கள். அதே விவரத்தை ஒரு பக்கச் சான்றிதழாக வாங்குபவருக்குக் கையெழுத்திட்டுக் கொடுங்கள்.

இங்க் வகை எதற்கு என்று கேட்கலாம். "கேன்வாஸ் பிரிண்ட்" என்று போர்டு போட்ட கடைகளில் பல, ஃப்ளெக்ஸும் வினைலும் அடிக்கிற அதே ஈகோ சால்வென்ட் மெஷினில் கேன்வாஸ் ரோலை மாட்டி அடித்துத் தருகின்றன. ஹோட்டல் ரிசப்ஷனுக்கு அது தாராளமாகப் போதும், தப்பே இல்லை. ஆனால் 12,500 ரூபாய் வாங்கிக்கொண்டு அதைக் கொடுக்கக் கூடாது. கடையில் மூன்று கேள்வி கேளுங்கள்: பிக்மென்ட் இங்க்கா, டையா, சால்வென்ட்டா? பேப்பர் எந்தக் கம்பெனி, காட்டன் ராகா? உங்கள் பிரிண்டருக்கும் இந்தப் பேப்பருக்கும் உள்ள ஐசிசி ப்ரொஃபைல் தருவீர்களா? மூன்றாவது கேள்விக்கு முகம் மலர்ந்தால் நல்ல லேப். "அதெல்லாம் எதுக்கு சார், கலர் பக்காவா வரும்" என்றால் டெஸ்ட் ஸ்ட்ரிப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

என் சொந்த விருப்பம், எடிஷனுக்குக் காட்டன் பேப்பர், கண்ணாடி ஃப்ரேம். 300 ஜிஎஸ்எம் சுமாருக்கு மேட் காட்டன் பேப்பர் கையில் எடுத்தாலே வித்தியாசம் தெரியும். கேன்வாஸின் நெசவு நுணுக்கமான விவரங்களை விழுங்கிவிடும். கோபுரத்துச் சுதைச் சிற்பங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டும் படத்துக்கு அது ஆகாது. மூடுபனி, கடல், பெரிய நிறப்பரப்பு இருக்கும் படத்துக்கு ஆகும். கண்ணாடி இல்லாததால் எடை குறைவு, கொரியரில் உடையாது, அது உண்மை. ஆனால் நம் ஊர் ஈரக்காற்றில் கேன்வாஸ் தொய்யும். ராத்திரி ஏசி, பகலில் திறந்த ஜன்னல் என்று மாறி மாறி இருக்கும் பெட்ரூமில் இன்னும் சீக்கிரம் தொய்யும். சட்டத்தின் மூலைகளில் அடித்து இறுக்குகிற சின்ன மர ஆப்புகள் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பின்பக்கம் காற்றுப் போக நாலு மூலையிலும் சின்னக் கார்க் துண்டு ஒட்டுங்கள். கடலைப் பார்த்த சுவரும், குளியலறைக்கு அந்தப் பக்கம் உள்ள சுவரும் வேண்டாம்.

சைஸ் ஆசையும் அளவோடு இருக்கட்டும். 24க்கு 36 இன்ச்சை 150 பிபிஐ-யில் போட 3,600க்கு 5,400 பிக்சல் வேண்டும், அதாவது ஏறக்குறைய 19 மெகாபிக்சல், அதுவும் கிராப் செய்யாமல். 12 மெகாபிக்சல் போன் படத்தை அந்த அளவுக்கு இழுத்தால் எடிஷன் நம்பர் எதுவும் காப்பாற்றாது.

"எனக்கு மாசா மாசம் கொஞ்சம் காசு வரணுமே, 15 பிரிண்ட் எப்ப விக்கிறது?" என்பவர்களுக்கு ஈசிஆர் சோழமண்டலத்தைக் காட்டுகிறேன். கே.சி.எஸ். பணிக்கரும் அவரைச் சுற்றி இருந்த ஓவியர்களும் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் அந்தக் கிராமத்தைத் தொடங்கினார்கள். நிலம் வாங்கப் பணம் பெரிய ஓவியங்களிலிருந்து வரவில்லை. பாட்டிக் போன்ற கைவினைப் பொருட்கள் செய்து விற்றதிலிருந்து வந்தது. பாட்டிக் வயிற்றுக்கு, ஓவியம் ஓவியத்துக்கு. நீங்களும் அப்படிப் பிரிக்கலாம். போஸ்ட்கார்டு, டெஸ்க் காலண்டர், சின்ன கேன்வாஸ் என்று எண்ணே போடாமல் சில படங்களை எவ்வளவு வேண்டுமானாலும் விற்றுக்கொள்ளுங்கள். ஆனால் எடிஷன் போட்ட படம் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. ஒரே படம் இரண்டு வரிசையிலும் வந்தால் புரோநோட்டு செல்லாமல் போய்விடும்.

இன்னொன்று, கல்யாண ஆர்டரில் எடுத்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எடிஷன் ஆக்காதீர்கள். காப்புரிமைச் சட்டம் 17-வது பிரிவின்படி, காசு வாங்கிக்கொண்டு ஒருவர் கேட்டு எடுத்த போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவர்தான் முதல் உரிமையாளர். நீங்கள் இல்லை. மறுவிற்பனையில் கலைஞருக்குப் பங்கு தரும் 53ஏ பிரிவும் ஓவியம், சிற்பம், வரைபடம், கையெழுத்துப் பிரதி என்றுதான் சொல்கிறது. போட்டோ அதில் இல்லை. உங்கள் படம் நாளைக்கு ஐந்து மடங்குக்குக் கைமாறினாலும் உங்களுக்கு ஒரு பைசா வராது. முதல் விற்பனையில் வைக்கிற விலைதான் உங்கள் விலை.

வரி: இங்கேதான் பலருக்கு அடி விழும்

நண்பருக்கு ஒரே ஒரு படம் விற்றால் அதைத் தொழில் என்று யாரும் சொல்லப் போவதில்லை. ரிஜிஸ்டர், விலைப்பட்டியல், தொடர்ந்து விற்பனை என்று வந்துவிட்டால் அது பிசினஸ் வருமானம். ஐடிஆர்-1 போட முடியாது. 44ஏடி அனுமானத் திட்டத்தில் போனால் ஐடிஆர்-4. டிஜிட்டலாக வந்த ரசீதில் குறைந்தது 6 சதவீதம், ரொக்கமாக வந்ததில் 8 சதவீதம் லாபம் என்று காட்ட வேண்டும். வருஷத்தில் 20 பிரிண்ட், தலா 12,500 என்றால் ரசீது 2,50,000; குறைந்தபட்ச லாபம் 15,000. நிஜ லாபம் அதைவிட அதிகம் என்றால் அதிகமாகவே காட்டுங்கள் என்பது என் ஆலோசனை. 44ஏடிஏ கிடையாதா என்று கேட்பவர்களுக்கு: அந்தத் தொழில் பட்டியலில் வீட்டு உள் அலங்காரம் செய்பவர் இருக்கிறார், போட்டோகிராஃபர் இல்லை. சினிமா கேமராமேன் இருக்கிறார், அது வேறு. புதிய வருமான வரிச் சட்டம் 2025-இல் பிரிவு எண்கள் மாறுகின்றன, திட்டம் தொடர்கிறது.

வரி சின்னதுதான். வலிக்கிற இடம் வேறு. சம்பளம் மட்டும் இருப்பவர் ஒவ்வொரு வருஷமும் பழைய ரெஜீமா, புதியதா என்று மாற்றி மாற்றித் தேர்ந்தெடுக்கலாம். பிசினஸ் வருமானம் சேர்ந்துவிட்டால் அந்தச் சுதந்திரம் போய்விடும். பழைய ரெஜீம் வேண்டுமென்றால் கெடு தேதிக்குள் 10-ஐஇஏ படிவம் கொடுக்க வேண்டும். ஒரு முறை புதியதுக்குத் திரும்பி வந்தால், பிசினஸ் வருமானம் இருக்கும்வரை மறுபடி பழையதுக்குப் போக முடியாது. மாதம் 35,000 வாடகை கட்டி எச்ஆர்ஏ-வை நம்பி இருப்பவர், 15,000 ரூபாய் லாபத்துக்காக இந்தக் கதவை மூடிக்கொள்கிறோமா என்று முதலில் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஜிஎஸ்டி-யில் இன்னொரு பொறி. தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. ஆனால் ஃப்ரேம் போட்ட பிரிண்டைப் பெங்களூருவில் இருக்கும் பழைய ரூம்மேட்டுக்கு விற்பனையாக அனுப்பினால், அது மாநிலம் தாண்டிய பொருள் விற்பனை. தொகை எவ்வளவு சின்னதானாலும் பதிவு கட்டாயம். கைவினைப் பொருளுக்கு உள்ள விலக்கு இதற்குப் பொருந்தாது. ஓவியத்துக்கு உள்ள குறைந்த வரி விகிதமும் தானாக வராது, அச்சடித்த போட்டோவின் எச்எஸ்என் தலைப்பே வேறு. அதனால் முதல் வருஷம் சென்னைக்குள், அதிகபட்சம் தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்றுப் பாருங்கள். ஆபீஸ் ஆஃபர் லெட்டரில் வேறு வேலை செய்யக் கூடாது என்ற வரி இருக்கிறதா என்றும் ஒரு தடவை பாருங்கள். ஹெச்ஆருக்கு ஒரு மெயில் போட்டு அனுமதி வாங்கி வைப்பது நல்லது.

வாங்குகிற பக்கம் இருப்பவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. போட்டோ பிரிண்டை யாராவது இன்வெஸ்ட்மென்ட் என்று சொல்லி விற்க வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். எஸ்ஐபி-யை நிறுத்திவிட்டுப் படம் வாங்காதீர்கள். பிடித்திருக்கிறதா, மாட்ட இடம் இருக்கிறதா, "உங்க ரிஜிஸ்டரைப் பார்க்கலாமா?" என்று கேட்டால் எடுத்துக் காட்டுகிறாரா, அப்போது வாங்குங்கள்.

10-ஐஇஏ படிவத்தை போர்ட்டலில் எப்படி நிரப்புவது, சம்பளத்தோடு 44ஏடி வருமானத்தை ஐடிஆர்-4-இல் எங்கே காட்டுவது என்பதை அடுத்த வீடியோவில் ஸ்கிரீன் ஷேர் செய்து காட்டுகிறேன். ஃபார்ம் 16-ஐயும், இதுவரை விற்ற பிரிண்ட்களின் யூபிஐ ரசீதுகளையும் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.